காரிலிருந்து இறங்காமல் திரும்பிய மகளுக்கு

அன்புள்ள அனிற்றா,

யாரோ பாலர் வகுப்புப் பிள்ளை எழுதியது என்று நினைத்து இதை ஒதுக்கி வைத்துவிடாதே. அப்பாதான் எழுதுகிறேன். எழுத்து ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும். கோடு போட்ட கொப்பிதான், ஆனாலும் சில எழுத்துகள் கோட்டுக்கு மேலே ஏறி நிற்கின்றன, சில கீழே இறங்கிவிடுகின்றன. கை நடுங்குகிறது என்பது ஒரு காரணம். பேனையை மண்வெட்டி பிடிப்பதுபோலப் பிடிக்கிறேன் என்று எழுத்துச் சொல்லித்தரும் மாஸ்ரர் சொல்கிறார், அது இன்னொரு காரணம். தாளைத் திருப்பித் தடவிப் பார்த்தால் பின்பக்கம் முழுவதும் மேடு மேடாக இருக்கும். பொறுத்துக்கொண்டு வாசி. ஒரு பக்கம் எழுத எனக்கு இரண்டு மணித்தியாலம் போகிறது. இதைப் புதன்கிழமை தொடங்கி இரவும் பகலுமாக எழுதுகிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். போன செப்டெம்பர் வரை எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. இங்கிலிஷ் தெரியாது என்பது உனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பிலிருந்தே வீட்டுக்கு வரும் கடிதங்களை நீதான் வாசித்துச் சொன்னாய். தமிழும் தெரியாது என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து வந்து நீ கொப்பியை நீட்டுவாய். நான் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, "நல்லாயிருக்கு" என்பேன். ஒருநாள் நீ, "அப்பா, ரீச்சர் சிவப்பாலை 'கவனமில்லை' எண்டு எழுதியிருக்கிறா. நீங்கள் நல்லாயிருக்கு எண்டுறியள்" என்றாய். "உங்கட ரீச்சருக்கு என்ன தெரியும்" என்று சொல்லித் தப்பினேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அப்பா உன் பக்கம் நிற்கிறார் என்று நினைத்திருப்பாய்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், உடுப்புத் துவைக்கும் அறைக்குப் பக்கத்தில், வயது போனவர்களுக்கு ஒரு தமிழ் வகுப்பு நடக்கிறது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார். எழுபத்து மூன்று வயதில் 'அ' எழுதப் பழகினேன் என்று யாருக்கும் சொல்ல வெட்கம். ஒரு முழுக் கடிதம் எழுதிய பிறகு உனக்குச் சொல்லலாம் என்று அம்மாவின் வாயைக் கட்டி வைத்திருந்தேன். இப்போது என் சந்தோசத்தை என்னால் அடக்க முடியவில்லை, பிள்ளை. மார்க்கம் றோட்டில் பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளை எல்லாம் வாசிக்கிறேன். 'நகை மாடம்', 'ஆட்டிறைச்சி', 'திருமண அழைப்பிதழ்கள் அச்சிடப்படும்' என்று சத்தமாகவே வாசித்துவிடுகிறேன். அம்மா என்னோடு பஸ்ஸில் ஒரே இருக்கையில் இருப்பதை விட்டுவிட்டார். முப்பத்தைந்து வருடமாக இந்த றோட்டால் போய்வருகிறேன். இவ்வளவு விசயம் எழுதிக் கிடந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஆனால் இந்தக் கடிதத்தை நான் சந்தோசத்தில் எழுதவில்லை. இருந்த இடத்தில் இருக்க முடியாமல் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை நீ வின்னிபெக்கிலிருந்து அம்மாவோடு போனில் கதைத்ததை அம்மா எனக்குச் சொன்னார். "அப்பாட்டைச் சொல்லாதேங்கோ" என்று நீ சொன்னதையும் சொன்னார். அவரில் கோபப்படாதே. அவர் அதை வைத்துக்கொண்டு அன்று இரவு முழுவதும் சமையலறையில் தட்டுகளை அடுக்கி அடுக்கி எடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் தாங்க முடியாமல் சொல்லிவிட்டார். உனக்கு இருபத்தொன்பது வயதிலேயே பிறெஷர் கூடியிருக்கிறது. இரத்தத்தில் சீனியும் எல்லையில் நிற்கிறது. இப்படியே போனால் இரண்டு வருடத்தில் மருந்து தொடங்க வேண்டி வரும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். உன் வீட்டுக்குக் கிட்ட செவ்வாய்க்கிழமைகளில் பெண்களுக்கென்று ஒரு கூட்டு உடற்பயிற்சி வகுப்பு இருப்பதாகச் சொல்லி உன் பெயரையும் பதிந்துவிட்டிருக்கிறார். நீ புதுச் சப்பாத்து வாங்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாய். காரை நிறுத்திவிட்டு, உள்ளே பாட்டுச் சத்தம் கேட்க, அந்த ஒரு மணித்தியாலமும் காருக்குள்ளேயே இருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறாய். ஏன் இறங்கவில்லை என்று அம்மா கேட்டதற்கு, "தெரியேல்லை அம்மா" என்றாயாம்.

எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு முன் இது உன் கையில் இருக்க வேண்டும்.

எட்டு வருடத்துக்கு முன் நடந்ததை நான் மறந்துவிட்டேன் என்று நீ நினைத்திருக்கலாம். அதை நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை. அப்போது உனக்கு இருபத்தொரு வயது. நாங்கள் போகும் தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில் நீங்கள் இளம் பெண்கள் சேர்ந்து பாட்டுப் போட்டு உடற்பயிற்சி செய்யத் தொடங்கியிருந்தீர்கள். நீ மூன்று கிழமை போனாய். அந்த மூன்று கிழமையும் வீட்டில் உன் நடையே வேறாக இருந்தது. குசினி அடுப்படியில் நின்று காலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வைத்து அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருப்பாய். நாலாவது கிழமை, வேலை முடிந்து நேராக உன்னைக் கூட்டிப் போக வந்தேன். உனக்கு ஒரு சம்பந்தம் பேசத் தொடங்கியிருந்த நேரம் அது. மாப்பிள்ளைப் பெடியனின் பெரியம்மா அதே தேவாலயத்தில் பாட்டுக்குழுவில் பாடுகிறவர். நான் மண்டபக் கதவைத் திறந்து நிற்கிறேன், அவர் எனக்குப் பின்னால் படியில் இறங்கி வருகிறார். உள்ளே நீ முன் வரிசையில் இரண்டு கையையும் மேலே தூக்கிக் குதித்துக்கொண்டிருக்கிறாய். முகமெல்லாம் வியர்வை. சிரித்துக்கொண்டிருந்தாய்.

நான் சத்தமாகச் சொன்னேன்: "ஐயோ பிள்ளை, கோயில் அத்திவாரம் தாங்காது! காணும், வா வீட்டை."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெரியம்மாவும் சிரித்தார். நீயும் ஒரு கணம் சிரித்தாய். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அந்தச் சிரிப்பு உன் முகத்திலிருந்து போனதையும் நான் பார்த்தேன். ஜக்கெற்றை எடுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் படியேறிப் போனாய். அடுத்த கிழமை, "போகேல்லையோ?" என்று அம்மா கேட்டபோது, "படிக்க இருக்கு" என்றாய். அதற்குப் பிறகு நீ போகவில்லை. கலியாண வீடுகளில் பெடியள் பெட்டையள் எல்லாரும் எழும்பி ஆடும்போது நீ மற்றவர்களின் கைப்பைகளைக் காவல் காத்துக்கொண்டு மேசையடியில் இருப்பாய். நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பியிருக்கிறேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இந்த இரண்டு நாளாக யோசிக்கிறேன். பகிடிக்குச் சொன்னேன் என்று எழுதிவிட்டுத் தாளைக் கிழித்தேன். அது பொய். அந்தப் பெரியம்மா ஏதும் சொல்வதற்கு முதல் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் சொன்னேன். எங்கள் ஆட்களுக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது. விருந்தாளி வீட்டுக்குள் வந்து இருக்கும் முன்பே, "இவள் கொஞ்சம் கறுப்பு", "இவன் படிப்பிலை மட்டு", "மூத்தவள் கொஞ்சம் உடம்புக்காறி" என்று நாங்களே சொல்லிவிடுவோம். மற்றவன் குத்துவதற்கு முதல் நாங்கள் குத்திவிட்டால் பிள்ளைக்கு நோகாது என்று ஒரு நினைப்பு. பிள்ளைக்கு அதுதான் கூட நோகும். அந்தச் சம்பந்தமும் சரிவரவில்லை, அது வேறு கதை. அந்த ஆட்களின் முகம்கூட இப்போது எனக்கு ஞாபகமில்லை. அவர்களுக்காக நான் உன்னை விற்றேன்.

இதை எழுதிவிட்டு எழும்பிப் போய் யன்னலடியில் நின்றேன். பிறகு பல்கனிக் கதவைத் திறந்தேன், மூடினேன். அம்மா, "என்னப்பா, உள்ளுக்கும் வெளியிலுமா? குளிர் வருது, ஒரு இடத்திலை இருங்கோவன்" என்று பேசினார். இருக்க முடியவில்லை. இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

எட்டு வருடமாக விளங்காதது இந்த மாரிக் குளிரில் எனக்கு விளங்கியது ஒரு கதவு வாசலில். எங்கள் தமிழ் வகுப்புக்கு முந்திய மணித்தியாலத்தில், பக்கத்து மண்டபத்தில், தை மாதம் தொடக்கம் ஒரு உடற்பயிற்சி வகுப்பு நடக்கிறது. உடம்பு கூடிய இளம் பெண்களுக்கு மட்டும். சுகந்தி என்று ஒரு நேர்ஸ் நடத்துகிறார். ஒன்பது பேர் வருகிறார்கள். எல்லாரும் எங்கள் மல்வேர்ன் பகுதியைச் சுற்றியிருக்கும் பிள்ளைகள். மண்டபக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி யன்னல் இருக்கிறது. நாங்கள் கிழவர்கள் நாலைந்து பேர் வகுப்புக்கு நேரத்தோடு போய் வெளியே கதிரைகளில் இருப்போம். வேறு என்ன வேலை? கண்ணாடியால் பார்த்துப் பகிடி விடுவதுதான் வேலை. மேல் மாடி அந்தோனி அண்ணை, "இண்டைக்குக் கீழ்வீட்டுக்காறன் கொம்பிளெயின் பண்ணப்போறான்" என்பார். "கீழை வீடே இல்லை அண்ணை, கார்தான் நிக்குது" என்பேன் நான். எல்லாரும் சிரிப்போம்.

ஒருநாள் அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. தர்சிகா என்று ஒரு பிள்ளை, இருபத்தாறு வயது, எங்கள் கட்டடத்தில் ஏழாம் மாடியில் இருக்கிறவள், சாமான் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்கிறவள். கழுத்தில் துவாயோடு வந்து நேரே என் முன்னால் நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்:

"அங்கிள், உங்களுக்கு மகள் இருக்கிறாவோ?"

"ஓம் பிள்ளை, ஒண்டு. வின்னிபெக்கிலை."

"அவவும் என்னை மாதிரி உடம்போ?"

நான் ஓம் என்று தலையாட்டினேன். அந்தோனி அண்ணை சப்பாத்தைப் பார்த்தார்.

"அவ இப்பிடி எங்கையும் போய் ஆடுறவவோ?"

"இல்லை."

"ஏன் அங்கிள்?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஏனென்று எனக்குத் தெரியும், ஆனால் கொப்பியைத் திறந்து தலையைக் குனிந்துகொண்டேன். அவள் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போனாள். அன்று மாஸ்ரர் சொல்லித் தந்தது ஒன்றும் என் தலைக்குள் ஏறவில்லை.

அடுத்த வகுப்பு நாள் நான் சுகந்தியிடம் போய், "பிள்ளை, உந்தக் கதவைக் கவனிக்கிற வேலையை எனக்குத் தா" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. கண்ணாடியில் கடதாசி ஒட்டினால் கட்டட நிர்வாகக்காரர்கள் கழற்றிவிடுகிறார்கள், நெருப்புப் பிடித்தால் உள்ளே தெரிய வேண்டுமாம். சரி, நான் கதிரையைப் போட்டுக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறேன், என் தலைக்கு மேலால் ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள் என்றேன். கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, 'உள்ளே வகுப்பு நடக்கிறது. எட்டிப் பார்க்க வேண்டாம்' என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். அனிற்றா, நான் மற்றவர்கள் வாசிப்பதற்காக எழுதிய முதல் எழுத்து அதுதான். அந்தோனி அண்ணை வந்து நின்று வாசித்துவிட்டு, "உதை எனக்கோ எழுதினனீ?" என்றார். "எனக்கும் சேர்த்துத்தான் அண்ணை" என்றேன். அவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தன் கதிரையையும் கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில், கதவுக்கு முதுகு காட்டிப் போட்டார்.

முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாலும் காது கேட்கும்தானே. சுகந்தியின் சத்தம் எனக்கு இப்போது மனப்பாடம். முதலில் இருந்த இடத்தில் நடை. பிறகு பக்கவாட்டில் இரண்டு அடி, திரும்ப இரண்டு அடி. பிறகு பாட்டு வேகமாகும், கையும் சேரும். நடுநடுவே, "கதைச்சுப் பாருங்கோ, கதைக்க ஏலுதோ?" என்று கேட்பார். "ஏலுது!" என்று கத்துவார்கள். "பாட ஏலுதோ?" "ஏலாது!" "அதுதான் அளவு. பாட ஏலுமெண்டா இன்னும் கொஞ்சம் கூட்டுங்கோ. கதைக்க ஏலாதெண்டா குறையுங்கோ, ஒருத்தரும் இஞ்சை போட்டிக்கு வரேல்லை." கடைசிப் பத்து நிமிடம் பாட்டை மெதுவாக்கி, மூச்சை இறக்கி, நாடியைப் பிடித்துப் பார்ப்பார்கள். அந்த மண்டபத்தில் நிறை பார்க்கும் மெசின் இல்லை. நான் ஏன் என்று கேட்டேன். "அங்கிள், உதைக் கண்டா பாதிப் பேர் வாசலோடை திரும்பிப் போயிடுவினம். நிறை குறையிறது மெள்ளத்தான். ஆனா இதயத்துக்கும் சீனிக்கும் பிறெஷருக்கும் இந்தக் காலடி முதல் கிழமையிலயிருந்தே வேலை செய்யுது" என்றார். எனக்கு இது புதுக் கதை. உடம்பு மெலிந்தால்தான் சுகம் என்று நினைத்திருந்தேன். தர்சிகாவின் நிறை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் அவளுக்குப் பிறெஷர் இறங்கியிருக்கிறது. இரவு நித்திரை வருகிறதாம். போன மாதம் எங்கள் லிஃப்ற் பழுதானபோது ஏழு மாடியும் ஏறிப் போய், மேல் படியில் நின்று கீழே எங்களைப் பார்த்து, "அங்கிள், நான் இன்னும் உயிரோடை இருக்கிறன்!" என்று கத்தினாள்.

நான் ஒரு முட்டாள் வேலையும் செய்தேன். அதையும் சொல்ல வேண்டும். காவல் இருக்கத் தொடங்கி இரண்டாம் கிழமை, பிள்ளைகள் களைத்து வருவார்களே என்று மனம் கேட்காமல், கடையில் சுடச்சுட ஒரு பெட்டி மட்டன் றோல் வாங்கிக்கொண்டு போனேன். வகுப்பு முடிந்து கதவு திறந்ததும் பெட்டியைத் திறந்து நீட்டினேன்.

"அங்கிள், உதென்ன?" என்றார் சுகந்தி.

"றோல் பிள்ளை. வேர்த்து விறுவிறுத்து வாறியள், வெறும் வயித்தோடை போகக்கூடாது."

எல்லாரும் பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு தர்சிகா சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள். "ஒரு மணித்தியாலம் ஆடினது முழுக்க உந்தப் பெட்டிக்குள்ளை கிடக்குது!" என்றாள். சுகந்தி மட்டும் சிரிக்காமல், "எறிய வேண்டாம், ஆளுக்குப் பாதி எடுங்கோ. ஒண்டும் விலக்கில்லை" என்று சொல்லிப் பங்கு போட்டுக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "களைச்சவைக்குத் தண்ணி குடுத்தாலும் அன்புதான் அங்கிள்" என்றார். அடுத்த வகுப்பு நாள், நீ ஒறேஞ்ச் என்று சொல்லும் தோடம்பழம் வெட்டிக் கொண்டுபோனேன்.

வீட்டுக்கு வந்து அந்த வெறும் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கும் இதைத்தானே செய்தேன். விருந்து மண்டபத்தில் கோப்பை கழுவின காலத்தில், ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில், மிஞ்சிய றோலும் கட்லற்றும் புரியாணியும் கொண்டுவந்து உன் முன்னால் வைத்துவிட்டு, நீ சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "காணும் அப்பா" என்பாய். "இன்னும் ஒண்டு, அப்பாவுக்காக" என்பேன். நான் பசியோடு வளர்ந்தவன். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் எட்டு வயதில் மீன்பிடி வள்ளத்தில் ஏறியதும் அந்தப் பசியால்தான். உன் கன்னம் உருண்டு வர வர நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். பிறகு உனக்குப் பதினாறு வயது வந்ததும், அதே மேசையில் இருந்து உன் தட்டில் இருக்கும் இடியப்பத்தை எண்ணத் தொடங்கினேன். "காணும் பிள்ளை, எழும்பு." தின்னச் சொன்னதும் நான், தின்றதைச் சொல்லிக் காட்டியதும் நான். உனக்கு எது அப்பாவின் உண்மையான குரல் என்று எப்படித் தெரிந்திருக்கும்?

நேற்று வியாழக்கிழமை, வகுப்பு நாள். வகுப்பு முடிந்த பிறகு நான் எழும்பி நின்று, வெட்கத்தை விட்டு, அந்த ஒன்பது பேரிடமும் கேட்டேன். என் மகள் காரிலிருந்து இறங்கவில்லை, நான் என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை. அதற்காகவும் கோபப்படாதே. தோடம்பழத்தைச் சாப்பிட்டுக்கொண்டு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருத்தி தான் முதல் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி, மற்றப் பக்கம் போய், திரும்பும் பஸ்ஸில் ஏறிவிட்டதாகச் சொன்னாள். தர்சிகா இரண்டு கிழமையாக ஒரு வெறும் உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு துவைக்கும் அறைக்குப் போவதுபோல இந்தக் கதவைத் தாண்டிப் போய்வந்தாளாம். "வெறுங்கூடை அங்கிள், ஒரு சொக்ஸ்கூட இல்லை!" இன்னொருத்தி, பாட்டுத் தொடங்கிய பிறகு உள்ளே போகச் சொன்னாள். அப்போது எல்லாரும் தங்கள் கால் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள், வருகிறவளைப் பார்க்க ஒருத்தருக்கும் நேரமில்லையாம். முதல் நாள் கையை விட்டுவிட்டுக் காலை மட்டும் ஆடினால் போதும் என்றார் சுகந்தி. வராவிட்டால் இரண்டு பேர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், அதற்குப் பயந்தே வந்தேன் என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

நான் இதையெல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். வேகமாக எழுத முடியவில்லை, அவர்கள் எனக்காகத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கடைசியில் தர்சிகா, "அங்கிள், உதெல்லாம் எழுதுங்கோ. ஆனா 'போ' எண்டு மட்டும் எழுதாதேங்கோ" என்றாள்.

"அப்ப என்னத்தைப் பிள்ளை எழுத?"

"நீங்கள் செய்ததை எழுதுங்கோ. எங்கட அப்பா ஒருநாளும் எழுதேல்லை."

ஆகவே எழுதுகிறேன். அன்று நான் சொன்னது பிழை. நீ முன் வரிசையில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றபோது வடிவாக இருந்தாய். அது என் கண்ணில் பட்டது. பட்டும் நான் வேறொன்றைச் சொன்னேன். அந்த ஒரு வசனத்தால் உன் எட்டு வருடத்தை எடுத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு, பிள்ளை. இதை எத்தனையோ தரம் போனில் சொல்ல நினைத்தேன். "சாப்பிட்டியோ?" என்று கேட்பேன், "ஓம் அப்பா" என்பாய், "அம்மாட்டைக் குடுங்கோ" என்பாய், முடிந்துவிடும். என் வாய் உனக்குச் செய்ததைத் திருத்த என் கைக்கு எழுபத்து மூன்று வருடம் பிடித்திருக்கிறது.

இன்று வெள்ளிக்கிழமை. கடித உறையில் உன் விலாசத்தை இங்கிலிஷில் எழுத வேண்டும். அந்த எழுத்துகள் எனக்குத் தெரியாது, அம்மா வைத்திருக்கும் பழைய உறையைப் பார்த்துப் படம் கீறுவதுபோலக் கீறினேன். முத்திரையையும் ஒட்டிவிட்டேன். இவ்வளவு நேரமும் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அம்மா, "இண்டைக்குப் போட்டாலும் செவ்வாய்க்கிடையிலை போய்ச் சேராது, நடுவிலை சனி ஞாயிறு" என்றார். நான் உறையை மேசையில் வைத்தேன். "தாங்கோ, போனிலை படம் எடுத்து அனுப்புவம்" என்றார். உறையை நீ உன் கையால் கிழிக்க வேண்டும், தாளைத் தடவிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. முதல் கடிதம் அல்லவா. ஆனால் செவ்வாய்க்கிழமை எனக்காகக் காத்திருக்காது. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அம்மா அனுப்புவார். தாள் பிறகு மெதுவாக வந்து சேரட்டும்.

நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் இந்த வீட்டுக்குள் எத்தனை தரம் நடப்பேன் என்று மட்டும் தெரியும். என்னைத் தெரிந்தவள் நீ. போன் மணி அடித்தால் அம்மாவுக்கு முதல் ஓடிப்போய் எடுத்து, "போனியோ? எத்தனை பேர் வந்தவை? நிறை குறைஞ்சுதோ?" என்று கேட்கிறவன் நான். இம்முறை கேட்க மாட்டேன். போனாலும், காரிலேயே இருந்தாலும், வீட்டிலேயே இருந்தாலும் அது உன்னுடைய செவ்வாய்க்கிழமை. அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பவும் எழுத இருப்பேன். பனி உருகி எங்கள் கார் நிறுத்துமிடத்தில் வெள்ளம் நிற்பதை எழுதுவேன், அம்மாவின் முழங்காலைப் பற்றி எழுதுவேன், அந்தோனி அண்ணை மூக்குக்கண்ணாடி மாற்றியதை எழுதுவேன். நாலு பக்கமும் எழுதி முடிப்பேன், அந்த ஒன்றை மட்டும் கேட்காமல். அதற்கு எனக்கு எவ்வளவு பாடு என்று நீ அந்த எழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாய்.

அன்புடன்,
அப்பா